மாமா தந்த மூன்று வெள்ளிக் காசுகள்: பழைய ஜெர்மன் நாணயங்களை எங்கிருந்து சேகரிக்கத் தொடங்குவது?

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஊருக்கு வந்தபோது மூன்று வெள்ளிக் காசுகளைக் கொடுத்தார். ஒன்று 1866-ம் ஆண்டு பிரஷ்ய மன்னர் வில்ஹெல்ம் தலை பொறித்தது. இன்னொன்று 1903-ம் ஆண்டு பவேரியாவின் 5 மார்க். மூன்றாவது, 1780 என்று போட்ட, ஒரு ராணியின் உருவம் உள்ள பெரிய காசு. மூன்றும் கறுத்திருக்கின்றன. வீட்டில் குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல விபூதி போட்டுத் தேய்த்துவிடலாமா? இவற்றை வைத்துப் பழைய ஜெர்மன் வெள்ளிக் காசுகளைச் சேர்க்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது? ஏமாறாமல் வாங்குவது எப்படி?

பதில்:

முதலில் அந்த விபூதியை எடுத்து வையுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இது மட்டும் அவசரம்.

அச்சில் அடி விழும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மிக நுண்ணிய கோடுகளாக ஓடி உறையும். புதுக் காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம்போலச் சுற்றி வருமே, அது இந்தக் கோடுகளால்தான். கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்த மெல்லிய படலம். விபூதி, பல்பொடி, புளி, கடையில் விற்கும் வெள்ளிப் பாலிஷ் எதைப் போட்டுத் தேய்த்தாலும் படலத்தோடு அந்தக் கோடுகளும் போய்விடும். பிறகு காசு பளபளக்கும், ஆனால் அது ஸ்பூன் பளபளப்பதுபோல உயிரில்லாத பளபளப்பு. கறுப்பு திரும்பவும் வரும். கோடுகள் வரவே வராது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கைச்செலவு செய்து தெரிந்துகொண்டேன். ஜெர்மனிக்கு வந்த புதிதில் நியூரம்பர்க்கில் ஒரு பழைய பொருள் சந்தையில் ஹானோவர் நாட்டுத் தாலர் ஒன்றை வாங்கினேன். தாலர் என்பது பழைய ஜெர்மன் நாடுகளின் பெரிய வெள்ளிக் காசு; ஜெர்மனி ஒன்றுபடும் முன்பு ஹானோவரும் பிரஷ்யா, பவேரியாபோல ஒரு தனி நாடு. 1860, குருட்டு மன்னர் ஐந்தாம் ஜியார்ஜின் தலை. மெல்லிய நீலமும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருந்தது. அழுக்கு என்று நினைத்து ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு நாணய வியாபாரியிடம் காட்டியபோது, அவர் அதை விளக்குக்குக் கீழே ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, வெள்ளி விலை சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த நிறத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இன்றும் அந்தக் காசை வைத்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கோ கைமண்ணோ இருந்தால், சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் போட்டு எடுத்து, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். அசிட்டோன் கொழுப்பைக் கரைக்கும், வெள்ளியைத் தொடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்படிக்கு எட்டத்தில் செய்யுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அது. அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

இனி காசுகளுக்கு வருவோம். மூன்றும் தற்செயலாகச் சேர்ந்தவையாக இருக்கலாம். ஆனால் ஜெர்மன் வெள்ளியின் கதையில் முக்கியமான மூன்று இடங்களை அவை தொட்டு நிற்கின்றன.

பிரஷ்யக் காசைத் திருப்பிக் கழுகு இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். ‘ஐன் ஃபெரைன்ஸ்தாலர்’ என்று இருக்கும்; ஒன்றியத் தாலர் ஒன்று என்று பொருள். கூடவே மூன்று எக்ஸ் எழுத்துகளும் ‘ஐன் ஃபுண்ட் ஃபைன்’ என்ற சொற்களும் இருக்கும். மூன்று எக்ஸ் என்பது ரோமன் எண்ணில் 30. 30 காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு சுத்த வெள்ளி என்பது அந்த வரியின் பொருள். இங்கே பவுண்டு என்பது ஆங்கிலேயப் பவுண்டு அல்ல. ஜெர்மன் நாடுகள் சேர்ந்து அமைத்த சுங்க ஒன்றியத்தின் பவுண்டு, சரியாக 500 கிராம். 500-ஐ 30-ஆல் வகுத்தால் 16.67 கிராம். உங்கள் காசில் உள்ள சுத்த வெள்ளி அவ்வளவு. பத்தில் ஒரு பங்கு செம்பு கலந்திருப்பதால் மொத்த எடை 18.52 கிராம். காசே தன் கணக்கைத் தன் மேல் எழுதி வைத்திருக்கிறது! நம்மூர் நகைக்கடையில் மாற்றுப் பார்க்க உரைகல் தேடுகிறோம். இங்கே நாட்டரசு ஒவ்வொரு காசிலும் மாற்றைச் சொல்லி வாக்குக் கொடுத்திருக்கிறது. என்னை இந்தக் காசுகளோடு கட்டிப்போட்டது மன்னர்களின் தலை அல்ல, இந்த ஒற்றை வரிதான். சேகரிக்கத் தொடங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கணக்கு வரியைப் படியுங்கள்.

அந்த வரி காலத்தையும் சொல்லிவிடும். 1857-ல் வியன்னாவில் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் 30-க்கு ஒரு பவுண்டு என்ற கணக்கு. அதற்கு முன்னால் அளவுகோல் கொலோன் மார்க் என்ற பழைய எடை, சுமார் 233.86 கிராம். மார்க் என்றால் அப்போது எடை, காசு அல்ல. 1753-ல் ஆஸ்திரியாவும் பவேரியாவும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத் தாலரில் 10 காசுக்கு ஒரு மார்க் சுத்த வெள்ளி. ஆகவே ஒன்றில் 23.39 கிராம் வெள்ளி, செம்பையும் சேர்த்தால் 28.06 கிராம். பிரஷ்யா தனி வழி போயிற்று. இரண்டாம் ஃபிரெடரிக் 1750-ல் ஒரு மார்க்கிலிருந்து 14 தாலர் அடிக்க வைத்தார். ஒன்றில் 16.70 கிராம் வெள்ளி.

இந்த 16.70-ஐயும் உங்கள் காசின் 16.67-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு கிராமில் நூறில் மூன்று நான்கு பங்குதான். 1857-ல் எடைக் கணக்கையே மாற்றியபோதும் பிரஷ்யர்கள் தங்கள் தாலரின் வெள்ளியைக் கிட்டத்தட்ட அப்படியே காப்பாற்றிக்கொண்டார்கள். பழைய காசும் புதிய காசும் சந்தையில் சமமாகப் புழங்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் கையில் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். பழைய பிரஷ்யத் தாலரில் கால் பங்கு செம்பு. அதனால் எடை 22.27 கிராம். புதியதில் பத்திலொன்றுதான் செம்பு, எடை 18.52. காசு மெலிந்தது, வெள்ளி மெலியவில்லை. என்னிடம் 1855-ம் ஆண்டுக் காசும் 1859-ம் ஆண்டுக் காசும் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து எதில் வெள்ளி அதிகம் என்று கேட்பேன். இதுவரை எல்லோரும் கனமானதைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

உங்கள் 1866 காசில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வில்ஹெல்மின் தலையில் இலைமாலை இருக்கிறதா? இருந்தால் அது வெற்றித் தாலர். அந்த ஆண்டு ஜூலை 3-ம் தேதி கோனிக்கிரேட்ஸ் போரில் ஆஸ்திரியாவைத் தோற்கடித்ததைக் கொண்டாடி அடித்தது. நிறைய அடித்தார்கள், ஆகவே அரிதானது அல்ல. ஆனால் அந்தப் போரோடு நான்கு நாடுகளின் காசு நின்றுபோனது: ஹானோவர் அரசு, ஹெஸ்ஸன்-காசல், நாசாவ், சுதந்திர நகரமான ஃபிராங்க்ஃபர்ட். நான்கையும் பிரஷ்யா விழுங்கிவிட்டது. ஹானோவரிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் இருந்த நாணயச்சாலைகள் பிரஷ்யக் காசு அடிக்கத் தொடங்கின. மன்னர் தலைக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தைப் பாருங்கள்: ஏ என்றால் பெர்லின், பி என்றால் ஹானோவர், சி என்றால் ஃபிராங்க்ஃபர்ட். 1867-ம் ஆண்டுப் பிரஷ்யத் தாலரில் சி இருந்தால், முந்தைய ஆண்டு வரை தன் சொந்தக் காசை அடித்துக்கொண்டிருந்த நகரம் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காசு, பவேரியாவின் 1903, 5 மார்க். இதில் மார்க் என்பது காசு. ஜெர்மனி ஒன்றுபட்ட பிறகு 1871-லும் 1873-லும் வந்த சட்டங்கள் மூலம் பிறந்தது. எடை 27.78 கிராம், சுத்த வெள்ளி 25. ஒரு பக்கம் எல்லாக் காசிலும் பேரரசுக் கழுகு. இன்னொரு பக்கம் மட்டும் அந்தந்த நாட்டுக்கு. 2 மார்க்குக்குக் குறைந்த சில்லறையில் அந்த உரிமையும் கிடையாது. மன்னர் இருந்தால் மன்னர் தலை; ஹாம்பர்க், பிரெமன், லூபெக் போன்ற நகரங்களுக்கு நகரச் சின்னம்.

அதில் இருக்கும் தலை மன்னர் ஓட்டோவுடையது. நிறுத்திப் பார்க்க வேண்டிய முகம் இது. 1886-ல் அண்ணன் இரண்டாம் லுட்விக் இறந்ததும் இவர் மன்னரானார். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மனநோயால் மருத்துவர்களின் கண்காணிப்பில் மியூனிக்குக்கு வெளியே ஃபியூர்ஸ்டன்ரீட் மாளிகையில் இருந்தவர். ஒரு நாள்கூட ஆளவில்லை. ஆண்டது சித்தப்பா லூயிட்போல்ட், அரசப் பிரதிநிதியாக. இருந்தும், 1911-ல் வந்த ஒரு விதிவிலக்கைத் தவிர, 1888-லிருந்து 1913 வரை பவேரியாவின் வெள்ளியில் ஓட்டோவின் தலைதான் வந்தது. ஊரெல்லாம் அவர் முகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தது. அவரை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

இந்தக் காசைப் பிடித்துக்கொண்டே உங்கள் சேகரிப்பைத் தொடங்கலாம் என்பது என் யோசனை. ஏன் என்று சொல்கிறேன்.

ஓட்டோவின் தாத்தா முதலாம் லுட்விக், 1825-ல் அரியணை ஏறியவர். காசு என்பது கையிலிருந்து கைக்குப் போகும் வரலாறு என்று எண்ணி, நாட்டில் நடந்த சேதிகளையெல்லாம் தாலரில் அடிக்க வைத்தார். இவற்றை வரலாற்றுத் தாலர்கள் என்பார்கள். 1833-ல் சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தது ஒன்றில். 1835-ல் நியூரம்பர்க்கிலிருந்து ஃபியூர்த்துக்கு ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் ஓடியது இன்னொன்றில். அச்சு வெட்டியவர் கார்ல் ஃபிரெடரிக் ஃபோய்க்ட். அவர் கைத்திறனை லென்ஸ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வரிசையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 1828-ம் ஆண்டுத் தாலர். ‘வானத்தின் ஆசி’ என்று தலைப்பு. நடுவில் ராணி தெரேசா. சுற்றிலும் வட்டம் வட்டமாக எட்டுக் குழந்தைகளின் முகங்கள், ஒவ்வொன்றும் ஒரு மிளகளவுதான் இருக்கும். தெரேசாவை லுட்விக் 1810 அக்டோபரில் மணந்தபோது நடந்த குதிரைப் பந்தயம்தான் மியூனிக்கின் அக்டோபர் திருவிழாவாக ஆண்டுதோறும் தொடர்கிறது. திருவிழா மைதானத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். லென்ஸில் பார்த்தால் அந்தச் சிறு முகங்களுக்கு மூக்கும் கண்ணும் தலைமுடியின் சுருளும் தனித்தனியாக இருக்கும். மூத்தவர் மாக்ஸிமிலியன், பின்னாளில் மன்னர், ஓட்டோவின் அப்பா. இன்னொரு பையன் பெயரும் ஓட்டோ. அந்தப் பையன் 1832-ல் கிரேக்க நாட்டின் முதல் மன்னரானபோது அதற்கும் அப்பா ஒரு தாலர் அடித்தார். இன்னொரு சிறு வட்டத்தில் ஏழு வயது லூயிட்போல்ட்.

இப்போது 1911-க்கு வாருங்கள். அந்த ஆண்டு பவேரியா 2, 3, 5 மார்க் காசுகளில் ஒரு கிழவரின் முகத்தைப் போட்டது: நீண்ட தாடி, பக்கத்தில் 1821, 12 மார்ச், 1911 என்ற எழுத்துகள். அரசப் பிரதிநிதி லூயிட்போல்டின் 90-வது பிறந்தநாள். 1828-ல் அம்மா பக்கத்தில் மிளகளவு இருந்த அதே பையன்! எண்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் குழந்தை முகமும் கிழமுகமும், இரண்டும் புழக்கத்துக்கு அடித்த வெள்ளியில். இந்த இரண்டையும் ஒரே தட்டில் பக்கத்தில் வைத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1911 காசு மலிவாகவே கிடைக்கும். 3 மார்க்கை முதலில் வாங்குங்கள். 1828 தாலருக்குக் கொஞ்சம் பணம் சேர்க்க வேண்டியிருக்கும், ஆனால் எட்டாக் கனி இல்லை. நடுவில் இரண்டாம் லுட்விக் காலத்து, குழந்தையோடு மாதா அமர்ந்திருக்கும் 1866–1871 தாலரைச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசிக் கண்ணி மட்டும் உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது: லூயிட்போல்டின் மகன் மூன்றாம் லுட்விக்கின் பொன்விழாத் திருமண நாளுக்காக 1918-ல் அடித்த 3 மார்க். மொத்தம் 130 காசுதான். யாராவது மலிவாக உங்களிடம் நீட்டினால் அது போலி. வேறு யோசனையே வேண்டாம்.

ஒரு நாட்டையோ ஒரு குடும்பத்தையோ பிடித்துக்கொண்டால் சேர்ப்பதற்கு ஒரு நூல் கிடைக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் பெட்டி நிறையும், கதை சேராது. பவேரியா வேண்டாம் என்றால் வேறு நூல்களும் இருக்கின்றன. 1866-ல் மறைந்த அந்த நான்கு நாடுகளின் தாலர்களை மட்டும் சேர்ப்பது எனக்குப் பிடித்த இன்னொரு வழி. நான்கு காசில் ஒரு முழு ஆண்டின் அரசியல் அடங்கிவிடும். சுரங்கத் தாலர்களும் உண்டு. மான்ஸ்ஃபெல்ட் சுரங்கத்து வெள்ளியில் அடித்த பிரஷ்யத் தாலர்களில் ‘மான்ஸ்ஃபெல்ட் சுரங்கத்தின் ஆசி’ என்றே எழுதியிருக்கும். ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களின் வெள்ளியில் பிரவுன்ஷ்வைக் பிரபுக்கள் அடித்த காசுகளில் மரத்தைப் பிடுங்கிக் கையில் பிடித்து நிற்கும் காட்டு மனிதன் வருவான். அவர்களில் ஹைன்ரிஷ் யூலியுஸ் என்பவர், தன்னோடு மோதிய நிலப்பிரபுக்களைத் தாக்குவதற்கே காசு அடித்தார். 1599-ம் ஆண்டுத் தாலரில் சிங்கத்தைப் பூச்சிகள் மொய்க்கும். சிங்கம் அவர், பூச்சிகள் அவர்கள். இவையெல்லாம் விலை அதிகம், போலியும் அதிகம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அருங்காட்சியகத்தில் பார்த்து ரசியுங்கள். பெர்லின் போடே அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு தன் சேகரிப்பின் ஒரு பகுதியைப் படத்தோடும் எடையோடும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சென்னையில் உட்கார்ந்துகொண்டே மணிக்கணக்கில் பார்க்கலாம்.

மூன்றாவது காசு மரியா தெரேசா தாலர். 1780 என்று இருப்பதால் 1780-ல் அடித்தது என்று நினைத்துவிடாதீர்கள்; அநேகமாக அது இருபதாம் நூற்றாண்டுக் காசு. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1780-ல் இறந்தார். ஆனால் செங்கடல் ஓரத்து வணிகர்களும் எத்தியோப்பியாவின் காப்பி வியாபாரிகளும் அந்த முகத்தையும் அந்த ஆண்டையும் தவிர வேறு காசை நம்பி வாங்கவில்லை. அதனால் ஆண்டு மாறாமல் அதையே அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, பிறநாட்டு நாணயச்சாலைகளிலும். எத்தியோப்பியப் போர்க்களத்தின் தேவைக்காக ஆங்கிலேயர் 1940-லும் 1941-லும் நம் பம்பாய் நாணயச்சாலையிலேயே இதை அடித்தார்கள். உங்கள் காசு பம்பாயில் பிறந்து, ஆப்பிரிக்கா போய், ஜெர்மனி வழியாக இப்போது ஊர் திரும்பியதாகக்கூட இருக்கலாம். மார்புக்குக் கீழே எஸ், எஃப் என்று இரண்டு எழுத்து இருக்கும். அவை இன்றைய பவேரியாவிலுள்ள கியூன்ட்ஸ்பர்க் நகர நாணயச்சாலை அதிகாரிகள் இருவரின் பெயர் முதலெழுத்துகள். அந்தச் சாலை மூடி இருநூறு ஆண்டு ஆகியும் எழுத்துகள் மட்டும் போகவில்லை. எடை 28.07 கிராம், மேலே சொன்ன 10-க்கு ஒரு மார்க் என்ற அதே கணக்கு. விலை ஏறக்குறைய வெள்ளி விலைதான். ஆகவே இதை எடை பார்க்கப் பழகும் காசாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாலர்கள் இவ்வளவு அடித்தும் ஏன் பல வகைகள் அரிதாக இருக்கின்றன என்று பின்னால் கேட்பீர்கள். பதிலில் இந்தியாவும் வருகிறது. ஒன்றுபட்ட ஜெர்மனி தங்கத்துக்கு மாறியதும், பழைய நாடுகளின் வெள்ளிக் காசுகளைத் திரும்ப வாங்கி உருக்கி விற்றது. 1879 மே மாதம் நிறுத்தும் வரை சுமார் 35 லட்சம் கிலோ வெள்ளி உலகச் சந்தைக்குப் போனது. பிற நாடுகளும் வெள்ளியைக் கைவிட்டன. அமெரிக்காவில் புதுச் சுரங்கங்கள் வேறு. வெள்ளி விலை சரிந்தது. நம் ரூபாய் வெள்ளி ரூபாய் அல்லவா? 1870-களின் தொடக்கத்தில் 2 ஷில்லிங்கை ஒட்டி இருந்த ரூபாய், 1893 வாக்கில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில் 1893 ஜூன் 26-ம் தேதி, மக்கள் வெள்ளியைக் கொண்டுவந்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமையை இந்திய நாணயச்சாலைகளில் நிறுத்தினார்கள். ஜெர்மன் தாலர் உலைக்குப் போனது மட்டும்தான் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரிவின் முதல் தள்ளலில் அதன் கை இருந்தது. உருகாமல் தப்பிய தாலர்கள் 3 மார்க் மதிப்பில் 1907 செப்டம்பர் முடியும்வரை செல்லுபடியாகின. அதனால்தான் தேய்ந்த தாலர்கள் நிறையவும் தேயாத தாலர்கள் குறைவாகவும் இருக்கின்றன.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் நகைத்தராசு வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே பத்து மடங்கு லென்ஸ். ஒரு தடவை நானும் ஒரு சந்தைக் கடையில் 1904-ம் ஆண்டு ஹெஸ்ஸன் 5 மார்க்கை ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். படம் கச்சிதமாக இருந்தது. வீட்டில் தராசில் வைத்தால் 27.78 இருக்க வேண்டிய இடத்தில் 23 கிராம் சில்லறை. அன்றிலிருந்து தராசு என் பையிலேயே இருக்கிறது. தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். உங்கள் 1866 தாலர் 18.3 காட்டினாலும் கவலை வேண்டாம். 17 காட்டினால் கவலைப்படுங்கள்.

எடை சரியாக இருந்தும் சந்தேகம் வந்தால் தண்ணீரில் பார்த்துவிடலாம். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசு இடித்துத் தள்ளிய தண்ணீரின் எடை. 18.52 கிராம் தாலருக்கு 1.80 வர வேண்டும், 5 மார்க்குக்கு 2.69, மரியா தெரேசாவுக்கு 2.75. மிகவும் விலகினால் உள்ளே இருப்பது அந்த வெள்ளிக் கலவை அல்ல. பார்த்து முடித்ததும் மென்மையான துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

விளிம்பைப் பார்க்க மறக்காதீர்கள். போலி செய்பவர்கள் முகத்தில் காட்டும் கவனத்தை விளிம்பில் காட்டுவதில்லை. பிரஷ்யத் தாலரிலும் பேரரசின் 3, 5 மார்க்கிலும் விளிம்பில் ‘காட் மிட் உன்ஸ்’, கடவுள் நம்மோடு, என்று எழுத்து ஓடும். சாக்ஸனித் தாலரில் கடவுள் சாக்ஸனியை ஆசீர்வதிக்கட்டும் என்றிருக்கும். எழுத்து மழுங்கியோ, விளிம்பைச் சுற்றி ஒட்டுத் தையல்போல ஒரு கோடோ தெரிந்தால் அது வார்த்த காசு. விளிம்பின் உச்சியில் ஒரு புள்ளியில் மட்டும் நிறம் மாறி, எழுத்து அழிந்து, மேடு தட்டியிருந்தால் அங்கே ஒரு காலத்தில் காது வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று பொருள். நம்மூரில் காசுமாலை போடுவதுபோல பவேரிய ஆண்கள் தோல் கால்சட்டையின் முன்னால் வெள்ளிச் சங்கிலியில் காசு கோத்துத் தொங்கவிடுவார்கள். அங்கிருந்து கழற்றிய காசுகள் சந்தையில் ஏராளம். போலி இல்லை, ஆனால் விலை பாதியாகும்.

இதற்கு நேர்மாறாகப் பயப்பட வேண்டாத கீறல் ஒன்றும் உண்டு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தாலர்களில் சில சமயம் அரம் போட்டதுபோல இணைகோடுகள் ஓடும். அச்சடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வில்லையையும் நிறுத்து, எடை கூடினால் அராவிக் குறைப்பார்கள், அந்தத் தடம். அச்சின் அடி மேலே விழுந்து கோடு மழுங்கியிருந்தால் அது நாணயச்சாலையில் விழுந்தது. உருவத்தையே கூர்மையாக வெட்டிக்கொண்டு போனால் பிறகு யாரோ கீறியது. எனக்கு அந்த அரத் தடங்களைப் பார்க்கப் பிடிக்கும். ஒரு தொழிலாளியின் கை அந்த ஒரு காசில் மட்டும் தங்கியிருக்கிறது.

ஜெர்மன் ஏலப் பட்டியல்களில் தரத்தைக் குறிக்கும் சொற்கள் புதியவர்களை ஏமாற்றும். ‘ஷோன்’ என்றால் அழகு. பட்டியலிலோ அது நன்றாகத் தேய்ந்த காசு. ‘ஸேர் ஷோன்’, மிக அழகு. அதுவும் கைமாறிப் புழங்கிய காசுதான், விவரங்கள் மட்டும் தெளிவாக இருக்கும். ‘ஃபோர்ட்ஸூக்லிஷ்’ என்று இருந்தால்தான் கொஞ்சமே புழங்கியது. தேயாததற்கு ‘ஸ்டெம்பல்கிளான்ஸ்’. உங்கள் காசுகள் பட்டியலில் எண்ணாலும் குறிக்கப்படும். பேரரசுக் காசுகளுக்கு யேகர் என்பவரின் பட்டியல் நூல் தரும் எண்: உங்கள் ஓட்டோ 5 மார்க் யேகர் 46, நான் சொன்ன லூயிட்போல்ட் 3 மார்க் யேகர் 49. அந்த எண்ணைப் போட்டுத் தேடி, கேட்கும் விலையை விட்டுவிட்டு, முடிந்த ஏலங்களின் விலையைப் பாருங்கள். ஏலத்தில் விழுந்த விலைக்குமேல் 20, 25 சதவீதம் கமிஷன் வரும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். சுங்கவரி தனி.

வைப்பதற்கு மென்மையான பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் பிவிசி இருக்கும். நம்மூர் வெக்கையில் சில வருடத்தில் காசின் மேல் பச்சைப் பிசின் கசியும். கடினமான வட்டக் கூடுகளில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் பக்கத்தில் இருக்கக் கூடாது, இரண்டிலும் கந்தகம் உண்டு. எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து, மெத்தைக்கு மேலே எடுங்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு தாண்டிய காசு இந்தியாவில் தொல்பொருள்; அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மாமா திரும்பிப் போகும்போது யாருக்காவது காட்டலாம் என்று மறுபடி எடுத்துச் செல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக மாமாவிடமே ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொன்றையும் எந்த ஊரில், எந்த வருடம், யாரிடம் வாங்கினார், என்ன கொடுத்தார் என்று கேளுங்கள். ஜெர்மன் சேகரிப்பாளர்கள் காசுக்குக் கீழே ஒரு சிறு சதுரச் சீட்டு வைத்து இதையெல்லாம் கையால் எழுதுவார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய சீட்டோடு வரும் காசுக்கு ஏலத்தில் தனி மதிப்பு. தமிழிலேயே எழுதுங்கள். முதல் சீட்டில் எடையையும் சேர்த்துக் குறியுங்கள்: பிரஷ்யா, 1866, ஏ, இத்தனை கிராம், மாமா தந்தது.